எஃப்.பி.எஸ். எகிறுனா மட்டும் போதாது, தம்பி

தம்பி, "அக்கா, கேம் ரொம்ப லேக் ஆகுது, கிராஃபிக்ஸ் கார்டு மாத்தியே ஆகணும்"னு நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். காசைப் பத்திக் கடைசியில பேசுவோம். அதுக்கு முன்னாடி நீ சொல்ற லேக் எந்த லேக்னு தெரியணும். நெட் இழுத்தாலும் லேக்குங்கிறீங்க, ஃபோன் சூடாகி மந்தமானாலும் லேக்குங்கிறீங்க, சர்வர் படுத்தாலும் அதேதான். மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

கண்டுபிடிக்கிறது சுலபம். வேலரன்ட்டோ பி.ஜி.எம்.ஐ.யோ, மேட்ச் நடக்குறப்ப ஓரமா ஒரு இடத்துல நில்லு. மவுஸையோ விரலையோ மெதுவா இழுத்து, ஒரு முழுச் சுத்து திரும்பிப் பாரு. சுவரும் மரமும் வழுக்கிக்கிட்டு நகருது, ஆனா எதிராளி மட்டும் இங்க இருந்தவன் திடீர்னு அங்க நிக்கிறான், நீ மறைஞ்ச பிறகும் குண்டு படுதுன்னா, அது நெட்டோட கோளாறு. பிங் எண்ணைப் பாரு, வைஃபையை விட்டுட்டு கேபிள்ல ஆடிப் பாரு, வீட்டுல யாராவது பெரிய ஃபைல் டவுன்லோட் பண்றாங்களான்னு விசாரி. நீ ஒரு லட்ச ரூபாய்க்கு கார்டு வாங்கிப் போட்டாலும் இது தீராது. திரும்புறப்பவே மொத்தக் காட்சியும் வெட்டி வெட்டி நகருதுன்னா, அதுதான் ஃப்ரேம் டிராப். இன்னும் சந்தேகமா இருந்தா நெட்டை அணைச்சுட்டு, தனியா ஆடுற ஏதாவது ஒரு கேமைத் திற. அப்பவும் வெட்டுனா சர்வரைத் திட்டாதே.

இனிமே நான் சொல்றதெல்லாம் இந்த ரெண்டாவது ரகத்துக்கு.

60 எஃப்.பி.எஸ்.னா ஒரு செகண்டுக்கு 60 படம். அதைத் திருப்பிப் போட்டுப் பாரு: ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட். 30-ன்னா 33.3. 120-ன்னா 8.3. 240-ன்னா 4.2. எப்பவும் இந்தக் கணக்குல யோசிச்சா விளம்பரத்துல ஏமாற மாட்டே. 30-லருந்து 60-க்குப் போனா ஒவ்வொரு படத்துக்கும் 16 மில்லி செகண்டுக்கு மேல மிச்சம். 60-லருந்து 120-க்குப் போனா 8 சொச்சம்தான். 120-லருந்து 240-க்கு வெறும் 4. எண் ஒவ்வொரு தடவையும் ரெண்டு மடங்காகுது, கையில கிடைக்கிற லாபம் பாதிப் பாதியா குறையுது, விலை மட்டும் ஏறிக்கிட்டே போகுது. என்னைக் கேட்டா 30-லருந்து 60-க்கு வர்றதுக்கு நாயா பேயா அலையலாம். 60-லருந்து 120 ஆசைப்படுறது நியாயம். அதுக்கு மேல போறது போட்டியில ஜெயிச்சுக் காசு பார்க்கிறவங்க கவலை.

"சினிமாவே 24-லதான் ஓடுது, கண்ணுக்கு அதுக்கு மேல தெரியாது"ன்னு உங்க ஹாஸ்டல்ல யாராவது ஒருத்தன் சொல்லுவான். நம்பாதே. சினிமா கேமராவுல ஒரு படம் பதியறதுக்கு வழக்கமா ஒரு செகண்டுல 48-ல ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்கும். அந்த நேரத்துல கை ஆடுனா, ஆடுன தடம் முழுக்க லேசா கலைஞ்சு பதியும். அந்தக் கலைசல்தான் ஒரு படத்தையும் அடுத்த படத்தையும் கண்ணுக்குள்ள ஒட்டவைக்குது. கேம்ல அப்படியில்ல. ஒவ்வொரு ஃப்ரேமும் அந்த ஒரு கணத்தைக் கத்தி மாதிரி வெட்டி எடுத்தது. மோஷன் ப்ளர் போட்டு சினிமாவைப் பாவலா பண்ணலாம், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய வித்தியாசம், தியேட்டர்ல உன் கையில மவுஸ் கிடையாது. நீ க்ளிக் பண்ணதும் ஹீரோ சுடணும்னு எந்தப் படத்துலயும் எதிர்பார்க்க மாட்டே.

கேம்ல அதைத்தான் எதிர்பார்க்கிறே. நீ க்ளிக் பண்ணதை கேம் படிக்கணும், பிராசஸர் கணக்குப் போடணும், கார்டு வரையணும், மானிட்டர் காட்டணும். இதுக்கு ரெண்டு மூணு ஃப்ரேம் பிடிக்கும். மூணு ஃப்ரேம்னு வெச்சுக்கோ. 30-ல ஆடுனா 100 மில்லி செகண்ட் போச்சு, 60-ல ஆடுனா 50. "கை சொன்னதைக் கேக்குது"ன்னு ஒரு கேமைப் பத்திச் சொல்றோமே, அது முக்கால்வாசி இந்தக் கணக்குதான். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வெச்சிருக்கிறவங்ககூட வேலரன்ட்டை 120, 150-ல ஓட்டுறதுக்குக் காரணமும் இதுதான். மானிட்டர் 60 படம்தான் காட்டும், ஆனா காட்டுற படம் சுடச்சுட வரைஞ்சதா இருக்கும். படம் நடுவுல கிழிஞ்ச மாதிரி தெரியும், அதை அவங்க பொறுத்துக்கிறாங்க.

ஆனா எல்லா கேமுக்கும் ஒரே அளவுகோல் வெக்காதே. டெக்கன்ங்கிற சண்டை கேம்ல ஒரு சாதாரணக் குத்து கிளம்பி எதிராளி மேல படுறதுக்கு 10 ஃப்ரேம் ஆகும். கேம் ஓடுறது 60-ல, அப்போ ஒரு செகண்டுல ஆறுல ஒரு பங்கு. அந்த ரகத்துல ஆடுறவங்க ஒவ்வொரு அடியையும் ஃப்ரேம் கணக்குலதான் பேசுவாங்க. அங்க 60-க்குக் கீழ இறங்குனா கேமே வேற கேமாயிடும். இன்னொரு பக்கம், 1998-ல வந்த "ஆக்கரினா ஆஃப் டைம்" நின்டெண்டோ 64-ல 20 எஃப்.பி.எஸ்.லதான் ஓடுச்சு. 2017-ல வந்த "ப்ரெத் ஆஃப் தி வைல்ட்" 30-ல ஓடுச்சு, அதுலயும் கோரோக் காட்டுக்குள்ள போனா இன்னும் தள்ளாடும். ரெண்டையும் உலகமே கொண்டாடுச்சு. சிவிலைசேஷன் மாதிரி முறை வெச்சு ஆடுற கேமுக்கும் செஸ்ஸுக்கும் 30 தாராளம். அதுக்குப் போயி 144 வேணும்னு அடம்பிடிச்சா கரண்ட் பில்தான் ஏறும்.

சராசரியைப் பார்த்து ஏமாறாதே

நான் சொல்ல வந்ததுலயே முக்கியமானது இதுதான். மூலையில 60-ன்னு காட்டுது, ஆனாலும் கேம் இடிக்குதுன்னு சொன்னியே, அதுக்குக் காரணம் இருக்கு. ஒரு செகண்டை எடுத்துக்கோ. 59 ஃப்ரேம் ஒவ்வொண்ணும் 10 மில்லி செகண்டுல வந்துடுச்சு, மொத்தம் 590. கடைசி ஒரு ஃப்ரேம் மட்டும் 410 மில்லி செகண்ட் எடுத்துக்கிச்சு. கூட்டிப் பார்த்தா சரியா ஒரு செகண்ட், சரியா 60 ஃப்ரேம். கவுன்ட்டர் 60-ன்னு காட்டும், அதுல பொய் இல்ல. ஆனா கிட்டத்தட்ட அரை செகண்ட் திரை உறைஞ்சு நின்னுது. அந்த அரை செகண்டுலதான் நீ செத்துப் போயிருப்பே.

ஒரே வேகத்துல போற பஸ்ல நின்னுக்கிட்டே தூங்கிடலாம். பிரேக் போட்டுப் போட்டு ஓட்டுற பஸ்ல சீட் கிடைச்சாலும் நிம்மதி இல்ல. ஃப்ரேமும் அப்படித்தான்.

இந்த விஷயத்தைப் பரவலா கவனிக்க வெச்சது "டெக் ரிப்போர்ட்" தளத்துல எழுதுன ஸ்காட் வாசன். 2011-ல அவர் சராசரியை ஓரங்கட்டிட்டு, ஒவ்வொரு ஃப்ரேமும் எத்தனை மில்லி செகண்ட் எடுக்குதுன்னு அளக்க ஆரம்பிச்சார். அதுக்கப்புறம்தான் கார்டு ரிவ்யூக்கள்ல "1 சதவீத லோ"ங்கிற எண் வழக்கத்துக்கு வந்துச்சு. இருக்கறதுலயே மந்தமான ஃப்ரேம்கள் எப்படி ஓடுச்சுங்கிற கணக்கு அது. ரிவ்யூ பார்க்கிறப்ப சராசரிப் பட்டையை விட்டுட்டு முதல்ல இதைப் பாரு. சராசரி 90, லோ 35-ன்னு ஒரு கார்டும், சராசரி 75, லோ 60-ன்னு ஒரு கார்டும் இருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு ரெண்டாவதை எடுப்பேன்.

உன் மெஷின்ல பார்க்கணும்னா எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் இலவசம். அது கூடவே ரிவாட்யூனரும் வரும். அதுல ஃப்ரேம்டைம் கிராஃபைப் போடு. கோடு கிட்டத்தட்ட நேரா போகணும். நீ இடிக்குதுன்னு நினைக்கிற அதே இடத்துல கோடு குத்துன்னு மேல எழும்பும் பாரு, அதைப் பிடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது. புது ஏரியாவுக்குள்ள நுழையறப்ப எழும்புனா ஹார்டு டிஸ்க் மந்தம், எஸ்.எஸ்.டி. போடணும். ஒவ்வொரு புது வெடியும் புது மந்திரமும் முதல் தடவை வர்றப்ப மட்டும் எழும்புனா, அது ஷேடர் கம்பைல் ஆகுறது. சில கேம்ல ஆரம்பத்துலயே "ஷேடர் கம்பைலிங்"னு ஒரு பட்டை ஓடும். பொறுமையில்லாம ஸ்கிப் பண்ணாதே. ஓடி முடியட்டும், போய் டீ குடிச்சுட்டு வா. டிரைவர் அப்டேட் பண்ணா அந்தப் பட்டை மறுபடி ஓடும், பயப்படாதே. அளந்து முடிச்சதும் கிராஃபை அணைச்சுடு. மூலையில எண்ணை வெச்சுக்கிட்டு ஆடுனா கேமை ஆட மாட்டே, எண்ணையே பார்த்துக்கிட்டிருப்பே.

சீரா ஓட வைக்கிறதுக்கு ஒரு காசு செலவில்லாத வழி, லிமிட் போடுறது. உன் கேம் 50-க்கும் 80-க்கும் நடுவுல ஏறி இறங்கினா, 60-ல பூட்டிப் போடு. 60-ஐத் தாங்கலைன்னா மத்த செட்டிங்கைக் குறைச்சுத் தாங்க வை. எண் குறைஞ்சிடுச்சேன்னு முதல் அஞ்சு நிமிஷம் மனசு அடிச்சுக்கும், அப்புறம் கை பழகிடும். விசிறிச் சத்தமும் குறையும்.

வி-சிங்க் பத்தி ஒரு வார்த்தை. படம் கிழியாம இருக்க அது உதவும். ஆனா 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல உன் கார்டு 55 படம்தான் தருதுன்னா, பழைய வகை வி-சிங்க் அதை 30-க்கு இழுத்துத் தள்ளிடும். கூடவே கை சொன்னது லேட்டா கேக்கும். இதுக்குத்தான் மானிட்டரே கார்டோட வேகத்துக்குத் தன்னை மாத்திக்கிற வித்தை வந்துச்சு. 2013-ல என்விடியா ஜி-சிங்க்னு அறிவிச்சுது, 2015-ல ஏ.எம்.டி.யோட ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் கடைக்கு வந்துச்சு. இன்னைக்கு குறைஞ்ச விலை கேமிங் மானிட்டர்லயே ஃப்ரீசிங்க் இருக்கு. வாங்கி வெச்சிருந்தா மானிட்டர் மெனுவுலயும் கார்டு செட்டிங்லயும் ரெண்டு இடத்துலயும் ஆன் பண்ணணும். ஆன் பண்ணிட்டு லிமிட்டை ஹெர்ட்ஸைவிட மூணு நாலு குறைச்சு வை. 144-க்கு 141 போட்டா போதும்.

காசில்லாம செய்யுறது

உன் ஃப்ரெண்டு ஒருத்தன் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிட்டு வித்தியாசமே தெரியலைன்னு புலம்புனான்ல, நான் போய்ப் பார்த்தப்ப விண்டோஸ்ல 60-லயே இருந்துச்சு. செட்டிங்ஸ்ல சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளேக்குப் போய் ரிஃப்ரெஷ் ரேட்டை நீயாத்தான் மாத்தணும். அங்க 144 வரவே இல்லைன்னா கேபிளைப் பாரு. டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்ல போடு. கேபிளோட மறுமுனை மதர்போர்டுல சொருகியிருக்கா, கார்டுல சொருகியிருக்கான்னும் குனிஞ்சு பாரு. மதர்போர்டுல சொருகிட்டு, வாங்குன கார்டு வேலையே செய்யலைன்னு சர்வீஸுக்குத் தூக்கிட்டுப் போறவங்க நிறைய.

லேப்டாப்னா சார்ஜர் சொருகித்தான் ஆடணும். பேட்டரியில ஓடுனா கார்டுக்குப் போதுமான கரண்ட் கிடைக்காது, எஃப்.பி.எஸ். பாதிக்குப் பாதி விழும். கரண்ட் போனதும் கேம் திடீர்னு திக்குறதுக்கு அதுதான் காரணம், வைரஸ் இல்ல. மெத்தை மேல வெச்சு ஆடாதே, அடியில காத்து போற ஓட்டை அடைஞ்சுடும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் கடையில கொடுத்து தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாத்தச் சொல்லு.

தனி கார்டு இல்லாத மெஷின்ல 8 ஜி.பி. ரேம் ஒரே குச்சியா இருக்கும். அதே மாதிரி இன்னொண்ணு போட்டுப் பாரு. பிராசஸருக்குள்ள இருக்கிற கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பயன்படுத்திக்கும். ரெண்டு குச்சி இருந்தா வழி ரெண்டாகுது. ஆயிரக்கணக்குல போடுற காசுல இவ்வளவு பலன் தர்றது வேற எதுவும் எனக்குத் தெரியலை.

அடுத்து, குற்றவாளி கார்டா பிராசஸரான்னு பார்க்கணும். ரெசல்யூஷனை 1080-லருந்து 720-க்கு இறக்கு. எஃப்.பி.எஸ். விர்ருன்னு ஏறுச்சுன்னா கார்டுதான் திணறுது. அப்படியே இருந்துச்சுன்னா பிராசஸர். அப்போ புது கார்டு வாங்குறது வீண். கணக்கு என்னன்னா, 1080-ல 20.7 லட்சம் புள்ளி, 720-ல 9.2 லட்சம். 4கே-ல 83 லட்சம். ஒவ்வொரு புள்ளியையும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கார்டு வரையணும்.

கார்டு திணறுதுன்னா எல்லா செட்டிங்கையும் "லோ"வுல போட்டு கேமை அசிங்கப்படுத்தாதே. முதல்ல ரே டிரேசிங்கை அணை. அப்புறம் நிழல், பிரதிபலிப்பு, மூடுபனி, மேகம். இவைதான் பெரிய தீனிக்காரங்க. நிழலை அல்ட்ராவுலருந்து மீடியத்துக்கு இறக்குனா ஓடுற ஓட்டத்துல உனக்கு வித்தியாசமே தெரியாது. டெக்ஸ்ச்சரை மட்டும் தொடாதே. கார்டுல மெமரி இருக்கிற வரைக்கும் அது வேகத்தைக் குறைக்காது. மெமரி நிரம்பிட்டாதான் அந்தக் குத்துக்குத்தா இடிக்கிற வேலை ஆரம்பிக்கும்.

டி.எல்.எஸ்.எஸ்., எஃப்.எஸ்.ஆர். மாதிரி வித்தைகள் சின்னதா வரைஞ்சு பெருசா காட்டும். டி.எல்.எஸ்.எஸ்.ஸுக்கு என்விடியாவோட ஆர்.டி.எக்ஸ். கார்டு வேணும். எஃப்.எஸ்.ஆரோட முந்தைய பதிப்புகள் பழைய கார்டுலயும் ஓடும். 1080 மானிட்டர் வெச்சிருந்தா "குவாலிட்டி"யோட நிறுத்திக்கோ, அதுலயே உள்ளுக்குள்ள வரையறது 720-தான். "பெர்ஃபார்மன்ஸ்" போட்டா 540-க்கு இறங்கிடும், தூரத்துல நிக்கிற ஆள் கஞ்சித் தண்ணியாத்தான் தெரிவான்.

ஃப்ரேம் ஜெனரேஷன் வேற கதை. 2022-ல என்விடியா ஆர்.டி.எக்ஸ். 40 வரிசையோட டி.எல்.எஸ்.எஸ். 3-ல கொண்டு வந்துச்சு. ரெண்டு உண்மையான ஃப்ரேமுக்கு நடுவுல ஒண்ணை மெஷினே ஊகிச்சுப் போடும். 2025-ல 50 வரிசை வந்தப்ப மூணு வரைக்கும் ஊகிச்சுப் போட ஆரம்பிச்சுது. பார்வைக்கு நல்லாவே இருக்கும், நான் குறை சொல்லலை. ஆனா நடுவுல போடணும்னா அடுத்த உண்மையான ஃப்ரேம் வர்ற வரைக்கும் பிடிச்சு வெச்சாகணுமே, அதனால கைக்கு வேகம் கூடாது, கொஞ்சம் குறையும். உண்மையிலேயே 60 வர்ற இடத்துல இதைப் போட்டா அழகு. 30 வர்ற இடத்துல போட்டு "60 வருது"ன்னு சந்தோஷப்பட்டா, கண்ணுக்கு 60, கைக்கு 30-ஐவிட மோசம். டப்பாவுல போட்டிருக்கிற எண்ணுல எத்தனை ஊகம்னு கேட்டுட்டு அப்புறம் வாங்கு.

ஃபோன்ல ஆடுறவங்களுக்கு

தங்கச்சி கேட்டா அவளுக்கும் சொல்லு. பி.ஜி.எம்.ஐ.ல கிராஃபிக்ஸை "ஸ்மூத்"துக்கு இறக்கி, ஃப்ரேம் ரேட்டை "எக்ஸ்ட்ரீம்"ல வெக்கணும், அதாவது 60. எச்.டி.ஆர். போட்டு புல்லை ரசிக்கிறது செத்துப்போன பிறகு செய்யலாம். அதுக்கு மேல 90, 120 எல்லாம் ஃபோன் மாடலைப் பொறுத்துத்தான் திறக்கும். 120 ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளே இருக்குங்கிறதால எல்லா கேமும் 120-ல ஓடிடாது. கடையில இன்னொரு எண்ணும் காட்டுவாங்க, "240 ஹெர்ட்ஸ் டச் சாம்ப்ளிங்"னு. விரலை ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை கவனிக்குதுங்கிற கணக்கு அது, திரையோட வேகம் இல்ல. ரெண்டையும் சேர்த்துக் குழப்பி விக்கிறதுல சேல்ஸ்மேன்கள் கெட்டி.

நம்ம ஊர்ல ஃபோன் கேமிங்குக்கு முதல் எதிரி வெயில். புதுசா வாங்குன ஃபோன் முதல் மேட்ச்ல 90 தரும், மூணாவது மேட்ச்ல திக்கும். சூடு ஏறுனதும் சிப் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைத் தானே குறைச்சுக்குது, அதான் காரணம். ஏப்ரல், மே மதியத்துல மாடி ரூம்ல உட்கார்ந்து ஆடிட்டு கம்பெனிக்காரனைத் திட்டிப் பிரயோஜனமில்ல. பின்னாடி போட்டிருக்கிற தடி கவரைக் கழட்டு. வெளிச்சத்தைக் குறை. சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடாதே, பேட்டரியும் சிப்பும் சேர்ந்து சூடாகும். சில கேமிங் ஃபோன்ல பேட்டரியைத் தாண்டி நேரா கரண்ட் எடுக்கிற பைபாஸ் சார்ஜிங் இருக்கு, இருந்தா அதை ஆன் பண்ணிக்கோ. ஃபேனுக்குக் கீழ உட்கார். ஃப்ரிட்ஜுல வெச்சு எடுக்கிற வேலை மட்டும் வேணாம், உள்ளே ஈரம் கோத்துக்கும், அப்புறம் போர்டே போயிடும். இதெல்லாம் செஞ்சும் 90-ல ஆரம்பிச்சு 45-ல முடியுதுன்னா, பேசாம 60-ல பூட்டிடு. கடைசி வட்டத்துல நாலு பேர் மிச்சம் இருக்கிறப்பதான் உனக்கு ஃப்ரேம் வேணும், லாபியில இல்ல.

டி.வி.ல கன்சோல் ஆடுறவங்களுக்கு ரெண்டே விஷயம். டி.வி.யில கேம் மோடு போடு. படத்தை வழவழப்பாக்குற மோஷன் செட்டிங்கை அணை, அது கைக்கும் திரைக்கும் நடுவுல தாமதத்தைச் சேர்க்குது. டி.வி. அட்டையில "மோஷன் ரேட் 120"ன்னு போட்டிருந்தாலும் பேனல் 60 ஹெர்ட்ஸா இருக்கலாம், பேனலோட எண்ணைத் தனியா கேளு. உண்மையான 120 பேனல் இருந்தா சில பி.எஸ். 5 கேம்ல 40 எஃப்.பி.எஸ். மோடு கிடைக்கும். 2021-ல "ராச்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட்"டுக்கு அப்டேட்ல வந்துச்சு. 40-ன்னா ஒரு படத்துக்கு 25 மில்லி செகண்ட், அதாவது 33.3-க்கும் 16.7-க்கும் சரியா நடுவுல. எண்ணைப் பார்த்தா 30 பக்கம், கைக்குத் தெரியறது 60-க்குப் பாதி தூரம். படமும் அழகா இருக்கணும், கையும் கேக்கணும்னா இதுதான் நல்ல சமாதானம்.

பழைய கேம் ஆடுறப்ப மட்டும் எண்ணை ஏத்தாதே. சில கேம்ல ஃப்ரேமும் கேமோட கடிகாரமும் ஒண்ணா கட்டியிருக்கும். இது ஆதியிலருந்தே இருக்கிற விஷயம். 1978-ல டோமோஹிரோ நிஷிகாடோ செஞ்ச "ஸ்பேஸ் இன்வேடர்ஸ்"ல ஏலியன்களைச் சுட்டுக் குறைக்கக் குறைக்க மிச்சம் இருக்கிறது வேகமா வரும்ல, வரைய வேண்டியது குறைஞ்சதால மெஷின் வேகமா ஓடுச்சு, அவ்வளவுதான். அது நல்லா இருக்கேன்னு அவர் அப்படியே விட்டுட்டார். குவேக் 3-ல 125 எஃப்.பி.எஸ். வெச்சா கூடுதல் உயரம் குதிக்கலாம்னு ஆடுறவங்க கண்டுபிடிச்சு வெச்சிருந்தாங்க. "டார்க் சோல்ஸ் 2" கம்ப்யூட்டர்ல 60-ல ஓடுனப்ப கத்தி ரெண்டு மடங்கு வேகமா தேய்ஞ்சு உடைஞ்சுது, 2015-லதான் சரி பண்ணாங்க. 2011-ல வந்த ஸ்கைரிம்ல 60-ஐத் தாண்டுனா மேசை மேல இருக்கிற தட்டும் குடமும் பறக்கும். அதனால ஃபைலைத் திருத்தி லிமிட்டை உடைக்கச் சொல்ற வீடியோவைப் பார்த்தா, முதல்ல அந்தக் கேமுக்கு என்ன ஆகும்னு தேடிப் பார்த்துட்டுக் கை வை.

ஆடுனா தலை சுத்துது, வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னு சொல்றவங்களும் உண்டு. அது கோழைத்தனம் இல்ல. ஃப்ரேம் குறைவா இருக்கிற முதல் நபர் கேம்ல இது அதிகம். எஃப்.ஓ.வி.யை, அதாவது திரையில தெரியுற பார்வைக் கோணத்தை அகலமாக்கு, மோஷன் ப்ளரையும் நடக்கிறப்ப தலை ஆடுற செட்டிங்கையும் அணை, திரையை விட்டுத் தள்ளி உட்கார். வி.ஆர். ஹெட்செட்ல இது இன்னும் பெரிய பிரச்சினை. 2016-ல வந்த ஆக்குலஸ் ரிஃப்ட்டும் எச்.டி.சி. வைவும் 90 ஹெர்ட்ஸ்ல இருந்ததுக்கு இந்தத் தலைசுத்தலும் ஒரு காரணம்.

இப்போ காசு

நீ ஆடுறது முக்காலும் வேலரன்ட். அதுக்கு 144 எஃப்.பி.எஸ். வேணும்னா ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. போதும்னு தயாரிச்ச ரையட் கம்பெனியே சொல்லியிருக்கு. இன்டெல் எச்.டி. 4000-லயே 30 வரும்னும் போட்டிருக்காங்க. அந்தக் கேம் பிராசஸரைத்தான் அதிகம் கேக்கும். அதனால முதல்ல ரெண்டாவது ரேம் குச்சி, எஸ்.எஸ்.டி. இல்லைன்னா எஸ்.எஸ்.டி., அப்புறம் அந்த ரெசல்யூஷன் சோதனை. அதுல கார்டுதான் குற்றவாளின்னு நிரூபணம் ஆனா எங்கிட்ட வா, பாதி நான் தர்றேன்.

கார்டும் மானிட்டரும் ஜோடியாத்தான் யோசிக்கணும். உன் கேம் 70 தர்ற இடத்துல 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் எதுக்கு? ஃப்ரீசிங்க் இருக்கிற 100 ஹெர்ட்ஸே போதும். பழைய கார்டு வாங்குனா விக்கிறவரை உன் கண் முன்னாடி கேமை அரை மணி நேரமாவது ஓட்டிக் காட்டச் சொல்லு, சூடு எவ்வளவு ஏறுதுன்னு பாரு, திரையில புள்ளி, கோடு ஏதாவது தெரியுதான்னு பாரு. அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு "நல்லா இருக்குல்ல"ன்னு சொன்னா எழுந்து வந்துடு. கிளம்புறதுக்கு முன்னாடி கேபினெட்டைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்ஸ்னு ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, கார்டு நீளத்துக்கு உள்ளே இடம் இருக்கான்னு டேப் வெச்சு அளந்துக்கோ. சனிக்கிழமை நான் ஃப்ரீ, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குச் சேர்ந்தே போகலாம். ஞாயித்துக்கிழமை வேணாம், முக்கால்வாசிக் கடை மூடியிருக்கும்.